2603

சனிக்கிழமை, பாடகர் குழு கலைந்த பிறகு
பீடத்துக்குப் பின்னறையில்
ஈரம் உறிஞ்சும் பெட்டி உறுமத் தொடங்கும்.
நாளுக்கு ஒரு வாளித் தண்ணீர்
வெறும் காற்றிலிருந்து எடுத்துக் கொட்டுகிறோம்.
செம்பவாங் கடல்
அலமாரிக்குள் வர இன்னும் ஆசைப்படுகிறது
என்பார் பொருளாளர் மாசிலாமணி.

ஞானஸ்நானப் பதிவேடு மூன்று.
அட்டை போயிற்று, தையல் நிற்கிறது.
பூச்சிக்கு ஓரங்கள்தாம் பிடிக்கும்,
ஆகவே பல பேருக்கு முதலெழுத்து இல்லை.
தெபோராள் படமெடுக்கிறாள்.
நான் கணினியில் ஏற்றுகிறேன்:
பிள்ளை, தாய், தகப்பன், தொழில்.
கப்பல் பட்டறை ஃபிட்டர்.
கரி சுமப்பவர்.
தோட்டி. ஆம், அப்படித்தான் எழுதியிருக்கிறது.
அந்தச் சொல்லை வைப்பதா எடுப்பதா என்று
இரண்டு கூட்டம், மூன்று சுற்றுத் தேநீர்,
ஒருவர் கோபித்துக்கொண்டு எழுந்தும் போனார்.
மையில் இருப்பதைத் திருத்தக் கூடாது
என்று கடைசியில் தீர்மானம் ஆனது.

அறுபத்தோராம் பக்கத்தில் தாள் மாறுகிறது.
ஆணி, கயிறு, வார்னிஷ் என்று
யாரோ பட்டியல் போட்ட ரசீதுகளின் முதுகு.
போதகரின் கையெழுத்தும் சிறுத்துவிட்டது,
தாளை மிச்சம் பிடித்திருக்கிறார்.
ஆகஸ்டு 15, 2603.
தட்டினேன். கட்டம் சிவந்தது:
'எதிர்காலத் தேதி ஏற்கப்படாது.'

ஜப்பான்காரன் வருஷம்,
அறுநூற்று அறுபதைக் கழி, என்றார் மாசிலாமணி.
கழித்தேன். பச்சை விழுந்தது.
தீர்மானம் என்ன ஆச்சு, என்றாள் தெபோராள்
கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமல்.
குறிப்புக் கட்டத்தில் பழைய எண்ணையும் சேர்த்தேன்.

பிள்ளை: கிருபாகரம்.
தாய்: ஏசுவடியாள்.
தகப்பன்: யோபு.
தொழில்: சயாமுக்குப் போயிருக்கிறார்.

போயிருக்கிறார்.
அந்த வினையோடு விட்டுவிட்டு
அடுத்த வரிக்குப் போக முடியவில்லை.
அடக்கப் பதிவேட்டைப் புரட்டினோம்,
நாற்பத்து நான்கு, ஐந்து, ஆறு.
வயிற்றுப்போக்கில் பதினொரு பேர்,
பெரிபெரியில் நான்கு, குண்டில் ஒரு சிறுவன்.
யோபு இல்லை.
தண்டவாளத்து ஓரம் எந்தப் போதகர்
புத்தகம் வைத்து எழுதியிருப்பார்?

ஐம்பத்தொன்றில் அகப்பட்டாள் அவள்,
திருமணப் பதிவேட்டில்.
மணமகன் பட்டறைக் காவலாளி, மனைவியை இழந்தவர்.
மணமகள் ஏசுவடியாள், வயது முப்பத்திரண்டு.
நிலை என்ற கட்டத்தில்
'கைம்பெண்' என்று எழுதி, பக்கத்தில்
ஒரு கேள்விக்குறி போட்டிருக்கிறார் போதகர்.
அதன் கீழ்ப்புள்ளி தாளைத் துளைத்து
மறுபக்கத்து மணமக்களின் மேல் விழுந்திருக்கிறது.
எட்டு வருஷம் அவரும் காத்திருந்தாரோ,
நிப்புத்தான் கூராக இருந்ததோ, தெரியாது.

அப்படியே தட்டினேன்: கைம்பெண்?
சிறப்புக் குறியை நீக்கவா
என்று கேட்டது கணினி.
வேண்டாம்.
மறுபடியும் கேட்டது.
மாசிலாமணி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
வேண்டாம் என்பதை
இந்த முறை தெபோராள் எட்டி அழுத்தினாள்.

வாளி நிரம்பியிருந்தது.
யார் கொண்டுபோய்க் கொட்டினார்கள் என்று நினைவில்லை.
மணி ஆறாகிவிட்டது,
பக்கத்தில் இன்னும் நான்கு பிள்ளைகள் பாக்கி.