முழங்கைக் காற்று

ஃப்ளெக்ஸில் பாவாடை கட்டிய மீசைக்காரன்
வாய்வைத்து ஊதிக்கொண்டிருந்தான்.
பைபாஸ் ரோட்டு அச்சகத்தில்
யாரோ தேடிப்பிடித்து ஒட்டிய படம்.
"இவர் எங்க ஊர் இல்லை, பக்கத்து நாடு" என்று
சிரித்துவிட்டு
அவனுக்கும் ஒரு வணக்கம் வைத்தாள் ப்ரோனா.
எழுத்தென்னவோ சரிதான்:
ஐரிஷ் குழல் மரபு இசைமாலை,
தல்லாகுளம், சனி, ஆறரை.
ஓரத்தில் பொடியாக
ஒலி ஒளி: சேவுகன் சவுண்ட்ஸ்.
அது நான்.

மைக்கை எங்கே வைப்பது?
நாதஸ்வரமென்றால் அணசுக்கு ஒரு முழம் தள்ளி.
தவிலுக்குத் தொப்பிப் பக்கம்.
கட்சிக்கூட்டமென்றால் வாய் இருக்கிற இடம்.
இவளுக்கு வாய்க்கு வேலையே இல்லை.
வலது முழங்கையில் துருத்தி,
இடது கக்கத்தில் பை,
மடியில் குறுக்காக மூன்று சுருதிக்குழல்,
தொடைமேல் ஒரு தோல்துண்டு;
பாட்டுக்குழலின் அடிவாயை அதில் அமுக்கி மூடுவாளாம்.
"அது பேசுற இடத்திலெல்லாம் வைங்க."
என்னிடம் இருந்தது மூன்றே மைக்.

பிறகு, விசிறியை நிறுத்தமுடியுமா என்றாள்.
சித்திரைக் கடைசியில்.
மதுரையில்.
சீவாளி மாதிரி ஒரு நாணல்நாக்கு உள்ளே இருக்கிறது,
அனல்காற்று பட்டால் கோபித்துக்கொள்ளும்.
பன்னிரண்டு விசிறியும் நின்றன.
நூற்றைம்பது பேர்
நிகழ்ச்சிநிரலை மடித்து விசிறத் தொடங்கினார்கள்.
அந்தச் சடசடப்பும் மைக்கில் ஏறியது.

இரண்டாம் வரிசையில் புதூர்க்காரர் ஒருவர்
ரகசியம் சொல்வதாக நினைத்து
உரக்கச் சொன்னார்:
"அட, அழகருக்குத் தண்ணி பீச்சுற பையி!"
எனக்குக் கக்கம் கூசியது.
ஒன்பது நாளைக்கு முன்,
விடியுமுன், வைகைக்கரையில்,
சல்லடம் கட்டி ஆட்டுத்தோல் பையை இடுக்கி
நானும்தான் பீய்ச்சினேன்.
இடது காதுக்காக நேர்ந்துகொண்டது.
யாரிடமும் சொல்லவில்லை.
காது மந்தமான சவுண்டுக்காரனுக்கு
எவன் கொடுப்பான் அட்வான்ஸ்?

மூன்றாவது உருப்படிக்குத் தாளம் கிடையாது.
நமக்குத் தாது வருஷம்போல
அவர்களுக்கு ஒன்று, உருளைக்கிழங்கு கறுத்த வருஷம்.
பசியோடு கப்பலேறியவர்களுக்கானது என்றாள்.
நான்காம் வரியில்
கரண்ட் போனது.

முதலில் செத்தவை என் பெட்டிகள்.
அப்போதுதான் தெரிந்தது
அது எவ்வளவு சின்னக் குரல் என்று.
செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு
பின்வரிசை முன்னால் வந்தது,
தரையில் உட்கார்ந்தது.
விசிறுவதை நிறுத்தியிருந்தார்கள்,
யாரும் சொல்லாமலே.
மேடை விளிம்பில் கையூன்றி நின்றேன்.
பலகை வழியாக வந்தது சுருதி.
மணிக்கட்டில் ஏறி
முழங்கையில் வந்து நின்றது.
காதுவரை போகவில்லை.

பின்வாசலில் ஒய்யா
ஜெனரேட்டர் கயிற்றை இழுத்துவிட்டான்.
வேண்டாமென்று நான் ஓடுவதற்குள்
புகை, உறுமல்.
பாட்டுக்குழலை மட்டும் தொடையில் அமுக்கினாள்.
தலையைச் சாய்த்தாள்.
சுருதிக்குழலின் மூட்டை
ஒரு நெல்லளவு இழுத்தாள்.
இன்னும் அரைநெல்.
உறுமலும் சுருதியும் முட்டின,
நடுங்கின,
பிறகு முட்டவில்லை.
விட்ட வரியிலிருந்து
கப்பலேறியவர்கள் அதன்மேல் நடந்து போனார்கள்.

ஒயர் சுருட்டும்போது வந்து
என் இடப்பக்கம் நின்று ஏதோ கேட்டாள்.
திரும்பி, வலதைக் கொடுத்தேன்.
"உங்க மெஷின் என்ன சுருதி?"
"அஞ்சு கேவி."
பையைக் கக்கத்தில் இடுக்கியபடி
எழுதிக்கொண்டாள்.