கால் சுற்று

சங்கனூர் ரோட்டுப் பட்டறையில்
நாச்சிமுத்து சாக்கை விலக்கினார்.
"வூட்டுக்காரரு வரலீங்களா?"
அவருக்குக் கிரீஸ் வாசமே ஆகாதுங்க, என்றேன்.

பெட்டின் மேல் நகத்தை ஓட்டினேன்.
சக்குப் பக்கம் ஒரு சாண் தூரம்
மயிரிழைப் பள்ளம்:
நாற்பது வருசமாக ஒரே பம்ப் புஷ்ஷு.
அந்தக் கோடியில்
ஸ்கிராப்பர் போட்ட பூ
இன்னும் அப்படியே.

"அம்பதுன்னா அம்பதுங்க.
எடைக்குப் போட்டாலே நாப்பது வருமுங்க."

கைப்பிடியைத் திருப்பினேன்.
கால் சுற்று சும்மா சுற்றி
அப்புறம்தான் நகர்ந்தது ஸ்லைடு.
நான் ஒன்றும் பேசவில்லை.
அந்தக் கால் சுற்றுக்கு
ஆறாயிரம் குறைந்தது.

செல்வபுரத்தில் கிரேன் இறக்கும்போது
கேட்டு இரண்டு அங்குலம் பத்தவில்லை.
டிரைவர் என்னைப் பார்த்தான்.
உள்ளேயிருந்து வீட்டுக்காரர்
கடப்பாரையோடு வந்தார்,
மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு.