நூற்று எழுபது வோல்ட்

இசைக்குழுவை விட்டு வெளியே வந்தபின்
கிளைவ் ரோசாரியோ தொண்ணூறுகளில் போட்டது
நாலே நாலு கேசட்.
மூன்றாவதில்தான் எங்களுக்குச் சண்டை,
இருபத்தெட்டு வருசமாக,
ஞாயிற்றுக்கிழமை பொழுதோட,
போத்தனூர் ஸ்டேஷன் பக்கத்துப் பேக்கரியில்.

"லூப் லைன்ல இருந்தவரைக்கும் சிங்கமுங்க.
தனியா வந்து என்னத்தக் கிழிச்சாரு?
டிரம்ஸுக்கு ஆள் வெக்கக் காசில்லாம
மெசினைத் தட்டவுட்டு..."
வெள்ளியங்கிரி இங்கிருந்துதான் தொடங்குவான்.
தேங்காய் பன்னை நாலாகப் பிய்த்து
துண்டுக்கொரு கேசட் பேர் சொல்லித் தின்று
மூன்றாவதை மட்டும் தட்டிலேயே விடுவான்.

சாதிக் பாட்சா பேங்க்காரன்.
எந்தப் பாட்டில் எத்தனாவது செகண்டில்
கம்பி அபசுரம் தட்டியது என்பதுவரை
நோட்டில் இருக்கிறது அவனிடம்.
"தொண்ணூத்தி நாலு தேவலாம்.
ஏழுல குரலே போச்சு.
சீக்குக் கோழியாட்டம்."

நான் நடுவில்.
மூன்றாவதில் பி பக்கத்துக் கடைசிப் பாட்டு மட்டும் தேறும்
என்றொரு சமரசம் வைத்திருந்தேன்.
இரண்டு பேரும் திட்டுவார்கள்.

ஆடி முதல் ஞாயிறு தவமணி வந்தாள்.
பல்லடத்துக்கு அக்கட்ட ஊர்.
சாதிக்கின் கிளைக்கு நகைக்கடன் பிரிவில் மாற்றல்.
டீக்குச் சர்க்கரை வேண்டாம் என்ற கையோடு
மூன்றாவதுதான் உசத்தி என்றாள்.

"என்ன குரலுங்க அது.
கெணத்துல கல்லு போட்டா
தண்ணியத் தொடறதுக்கு முன்னாடி சித்த நேரம் இருக்குமில்லீங்க,
அதுக்குள்ள நின்னு பாடறாரு."

"கெணறா? கீச்சுன்னல்ல இருக்கும்.
கடைசிப் பாட்டு, மூணு நிமிசம் ஐம்பது செகண்டு."

"நாலரைங்க.
பிளஸ் டூ படிக்கையில தறி ஓட்டீட்டே கேட்டது.
அந்தப் பாட்டு முடியறப்ப
கரெக்டா ஒரு தார் தீரும்."

நான் மோட்டார் காயில் கட்டுகிறவன்.
ஒரே பாட்டுக்கு இரண்டு நீளம் என்றால்
பாடினவனைச் சந்தேகப்பட மாட்டேன்.
"அப்ப உங்கூர்ல கரண்ட் எப்படிங்க?"

"கரண்டா! பொழுதெறங்கினா காடு பூரா மோட்டார் போடுவாங்க.
எங்க சந்துல மட்டும் நாப்பது தறி.
குண்டு பல்பு
பரங்கிப்பூ நெறத்துக்கு வந்துரும்..."

சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள்.
பாலக்காட்டு வண்டி ஒன்று நிற்காமல் போனது.

"அப்ப நான் கேட்டது
அவரு பாடினதே இல்லீங்களா?"

வெள்ளியங்கிரி, ஜெயித்தவன்,
மூன்றாவது துண்டை எடுத்து டீயில் நனைத்தான்.
அது ஊறி
உள்ளேயே விழுந்தது.

ராத்திரி பட்டறையில்
பழைய டேப் ரிக்கார்டரை டிம்மர்ஸ்டாட்டில் மாட்டினேன்.
இருநூற்று முப்பதில் சாதிக்கின் கோழி.
இருநூறில் டிரம் மெசின் மூச்சு வாங்கிற்று.
நூற்று எழுபதில்
அது தறியாட்டம் நடக்கத் தொடங்கியது.
மேலே ஒரு ஆள்,
கிளைவ் இல்லை, அவருக்கு
அண்ணன் முறை ஆகும் யாரோ,
ஒவ்வொரு சொல்லையும்
இறக்கிவைத்துவிட்டு அடுத்ததற்குப் போகிறார்.
நான்கு நிமிடம் இருபத்தெட்டு செகண்டு.

அவர் நாலு தெரு தள்ளித்தான் இருக்கிறார்.
எழுபத்தாறு வயது.
பால் வாங்க வரும்போது பார்ப்போம்.
எந்த வேகத்தில் பாடினீர்கள் என்று கேட்கலாம்.
இத்தனை வருசத்தில்
நாங்கள் அவரிடம் கேட்டது
மணி என்ன என்பது மட்டும், ஒரு தடவை.

கேசட் இன்னும் சுமார்தான்.
அதில் நான் இறங்கிவர மாட்டேன்.
ஆனால் பதினாலு கிலோ டிம்மர்ஸ்டாட்டை
ஸ்கூட்டரில் கட்டி எடுத்துக்கொண்டு
மூன்றாவது ஞாயிறாக வருகிறேன்.
பேக்கரிக்காரர் ஃபிரிட்ஜைப் பிடுங்கி
பிளக் பாயிண்ட் கொடுக்கிறார்.
நடுவே ஒரு நாற்காலி.

வயரைச் சுற்றலாமா என்கிறான் சாதிக்.
இருங்கடா, ஏழேகால் பஸ் இன்னும் வரலை
என்கிறான் வெள்ளியங்கிரி.