நாற்பத்தொரு முளைக்கட்டை

கச்சேரி கோட்டைக்குள் இருந்த காலம்.
மதிலோரம் என் மேசை, குடை, தட்டச்சுப் பொறி.
ழகரம் மட்டும் வரியை விட்டுச் சற்று மேலே விழும்.

கதிரவெளி பஸ்ஸில் வந்திறங்கினாள் கண்டுமணி.
தலையில் ஒரு கட்டு முளைக்கட்டை,
நுனியெல்லாம் சிவப்புப் பெயின்ற், அடியில் இலக்கம்.
கட்டுக்கும் அரை டிக்கற் கிழித்தானாம் கொண்டக்டர்.
பழைய பீரங்கியில் அதைச் சாத்திவிட்டு,
"எழுது மனே" என்றாள்.

விரல் பழக்கத்தில் ஓடிற்று:
ஐயா, தாழ்மையுடன் தங்களிடம்...
நகத்தால் அந்தச் சொல்லைக் கீறினாள்.
"நான் ஒண்டும் கேட்டு வரல்ல.
இவங்கட சாமான் எங்கட காணிக்குள்ள கிடந்திச்சு,
திருப்பிக் குடுக்க வந்திரிக்கன்.
எண்ணி எடுத்துப்போட்டு ஒப்பம் வைக்கச் சொல்லு."

புதுத் தாள் செருகினேன்.
கிடந்த இடம்?

"ஒண்டு தொடக்கம் ஒன்பது வரை வீரையடி.
பத்து, சங்குத் தோணா வாய்.
பதினொண்டு அல்லைக்கிழங்கு மேடு,
கிழங்கைக் குத்திப் பிளந்துதான் நட்டிரிக்கானுகள்.
அதுக்கங்கால உள்ளதெல்லாம்
உத்தியாக்களுக்குப் பந்தல் போடுற வெளி.
செருப்போட வந்தவங்க.
அதையும் எழுது."

கொம்பனிக்குக் கறுப்பு மணல் வேண்டும்.
வரைபடத்தில் அந்தக் கரை நெடுக
'அரச காணி, பற்றை' என்ற ஒரே வரிதான்.

ஒப்படைப்பவர் யாரென்று போட?
"வேடர் எண்டு போடு."
படிவத்தில் அப்படியொரு கட்டம் இல்லையே அம்மா.
"இது படிவமா மனே?
துண்டுதானே."

மூன்று புதன்கிழமை உள்ளே போனாள்,
கட்டோடு திரும்பி வந்தாள்.
காணிக்கு உறுதி இருக்கா என்று கேட்டார்களாம்.
"இந்த முளைக்கு இரிக்கா எண்டு கேட்டன்"
என்று சொல்லி
வெற்றிலையைத் துப்பினாள்.
மூன்றாம் கிழமை கொண்டக்டர்
டிக்கற் கிழிக்கவில்லை,
கட்டைத் தானே தூக்கி ஏற்றினானாம்.

நாலாம் புதன்,
புதிதாய் வந்த பொடியன் ஒருவன்
ஒரு கையில் பிளேன்ரீயோடு
நாற்பத்தொன்று சரி என்று எண்ணி,
வாசிக்காமலே முத்திரை குத்தினான்.

வீரையடி. சங்குத் தோணா. பந்தல் வெளி.
நீல மையின் கீழே
அரசாங்கம் பெற்றுக்கொண்டது.

வழக்கு வாழைச்சேனையில்
தவணை தவணையாய் இழுபடுகிறது.
கைவசம் உள்ளதில் பலமான ஆவணம்
அந்தத் துண்டுதான் என்கிறாராம் சட்டத்தரணி.
கிழங்கு மேட்டின் ழகரம் மேலே ஏறிய துண்டு.

அன்று கூலி கேட்டேன்.
"காசு கொண்டரல்ல" என்றவள்
சேலைத் தலைப்புக்குள்ளிருந்து
ஒரு முளையை உருவி நீட்டினாள்.
இலக்கம் இருபத்தாறு.
"புடுங்கினது நாப்பத்திரண்டு.
உன்ட மேசைக் கால் ஆடுது, முண்டு குடு."

கச்சேரி இடம் மாறிப் போயிற்று,
நானும் மேசையைத் தூக்கிக்கொண்டு
பின்னால் போனேன்.
பெயின்ற் இன்னும் உரியவில்லை.