நீலம் கூடிய வெள்ளை

விடிந்தால் பள்ளிக்கூடம்.
மார்கழி மழை இன்னும் விட்டபாடில்லை.
விறாந்தைக் கொடியில்
ஐந்து வெள்ளைகள் ஈரத்தோடு தொங்குகின்றன.
லக்சாயினியின் சட்டை இரண்டு,
கோபிசனின் சேட்டு,
அரசாங்கம் தந்த துணியில்
சின்னவளுக்குத் தைத்தது ஒன்று,
இடையில், வாட்டுக்குப் போகிற என் வெள்ளை.
அவசரத்தில் ஒரே வாளிக்குள் அலசினேன்.
நீலம் கூடிவிட்டது.
நாளைக்கு நாங்கள் எல்லோரும்
ஒரே மாதிரிக் கொஞ்சம் நீலமாய்த்தான் போவோம்.

பருத்தித்துறை வஸ்ஸை நிறுத்திவிட்டு
சப்பாத்துக் கடையில் நின்று இவர் கேட்கிறார்:
"கோபிக்கு எத்தினையாம் நம்பர்?"
போன வருசத்து நம்பர் தெரியும்.
போன வருசத்துக் கால் இப்போது இல்லை.
நித்திரையாய்க் கிடந்தவனின் பாதத்தில்
கை வைத்துப் பார்த்துச் சொன்னேன்,
ஒரு சாண், மேலே இரண்டு விரல்.
"ஆற்ற சாண்? உன்ரயோ என்ரயோ?"
பதினாறு வருசம் பிடித்த கை,
அளவு தெரியாதாம்.
கடைக்காரனும் சிரித்தது போனில் கேட்டது.

கொப்பி விலையைப் பற்றிக் கதைக்கப் போவதில்லை.
பழைய கொப்பிகளில் எழுதாத தாள்களைக் கிழித்து
நடுவில் ஊசி ஏற்றித் தைத்தால்
ஒருவருக்கு ஒரு றஃப் கொப்பி வரும்.
லக்சாயினியின் கணக்குக் கொப்பியில்
இருபத்திமூன்று பக்கம் மிச்சம்.
கடைசிப் பக்கத்தில் ஒரு பெயர்,
மூன்று தரம் எழுதி மூன்று தரம் அழித்தது.
அந்தத் தாளை மட்டும்
மடித்து அவள் மேசையில் வைத்தேன்.
காலையில் பார்த்தபோது அங்கே இல்லை.
அவளும் ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

பதினொரு மணிக்கு இவர் வந்தார்.
சப்பாத்து ஒரு விரல் பெரிது.
முன்னுக்குப் பஞ்சு வைத்தேன்.
பங்குனிக்குள் பஞ்சை எடுத்துவிடலாம்.
பாண் துண்டைக் கறியில் தோய்த்துச் சாப்பிட்டபடி
ஈரச் சட்டைகளை ஒவ்வொன்றாய் அயன் பண்ணினார்.
ஆவி எழும்பியது. வீடு முழுக்க
சோடாத்தூள் மணம்.
நான் பெயர் எழுதத் தொடங்கினேன்.
பெயர், ஆண்டு, பாடம்.
பெயர், ஆண்டு, பாடம்.
கண் செருகியது எந்தக் கொப்பியில் என்று
எனக்குத் தெரியாது.

ஐந்து மணிக்கே வெளிக்கிட்டு
புத்தகப்பையோடு கதிரையில் இருந்த சின்னவள்
எழுத்துக் கூட்டி வாசிக்கிறாள்:
"ம-து-ரி-கா. கட்-டில் ப-தி-னா-லு.
அம்மா, கட்டில் எண்டால் என்ன பாடம்?"

கோபிசன் விழுந்து விழுந்து சிரித்தான்.
நானும் சிரித்துக்கொண்டே
லேபிளுக்கு மேல் லேபிள் ஒட்டினேன்.
ஆனால் கை ஒரு கணம் நின்றது.

பதினாலாம் கட்டிலில் டெங்குக் காய்ச்சலோடு ஒரு பெடியன்.
நேற்று மத்தியானம் அவன் தாய்
கட்டிலடியில் நிலத்தில் இருந்து
கொப்பிகளுக்கு உறை போட்டுக்கொண்டிருந்தாள்.
ஒட்ட ஒன்றும் இல்லையென்றாள்.
காயத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்ரரில்
நாலு துண்டு வெட்டிக் கொடுத்தேன்.
வாட்டுக் கணக்கில் அது எழுதப்படவில்லை.

ஆறரைக்குப் படலை.
இவர் வஸ்ஸுக்கு, நான் பிரதான வீதிக்கு,
லக்சாயினியின் சைக்கிள் பின்னால்
கழுத்து முதல் முழங்கால் வரை பையாய்ச் சின்னவள்.
கோபிசன் நடக்கும்போது
சப்பாத்து அவனுக்குப் பின்னால் வந்தது.
சொக்ஸ் ஒன்று காயவில்லை; அதைச் சொல்ல
அவனுக்கு நேரமில்லை.

வாட்டில்,
பதினாலாம் கட்டிலில் அவன் நிமிர்ந்து இருக்கிறான்.
வெள்ளைச் சேட்டு.
ஒரு கை மட்டும் உள்ளே.
மற்றக் கையில் சேலைன் ஏறுகிறது.
தாய் என்னைப் பார்த்து வெட்கப்பட்டாள்:
"போடாமல் இருக்க மாட்டன் எண்டிட்டான், மிஸ்ஸி."

அவன் கொப்பியை நீட்டினான்.
பெயர் எழுதினேன். யதுகரன்.
ஆண்டு என்னவென்று கேட்டேன்.
"நேற்று மட்டும் மூண்டு" என்றான்.
"இண்டையில இருந்து நாலு."