காற்றுக்குக் கட்டிய கயிறு

புந்தா அரேனாஸில் நவம்பர் வந்தால்
காற்று ஆளையே தூக்கும்.
தெருமுனைகளில் கயிறு கட்டிவிடுகிறார்கள்,
பிடித்துக்கொண்டு கடக்க.
விடிந்தும் விடியாமலும்
அந்தக் கயிற்றைப் பற்றியபடி
நண்டுத் தொழிற்சாலைக்குப் போகிறாள்
எதுவினா பர்ரியா.
தமிழில் எழுதினால்
கேள்வியாகிவிடுகிற பெயர்.

கோட்டின் உள்பையில் ஒரு சிறு புத்தகம்.
எழுதியவர் பெலிசாரியோ என்றொரு துறவி,
வடக்கே ஏதோ மடத்தில் சமையல்காரர்,
அவளைவிடப் பதினோரு வயது இளையவர்.
கோவில் வாசல் பெட்டியில்
இரண்டு பேருந்துச் சீட்டு விலை.
நாளுக்கு ஒரு பக்கம் போதும்,
அதற்கு மேல் வயிறு கெடும் என்று
முன்னுரையில் எழுதியிருந்தார்.
அதற்காகவே வாங்கினாள்.

செவ்வாய்க்கிழமைப் பக்கம்:
கையில் இருப்பதை
யாரோ நீட்டியது போலப் பிடி.
கையில் இருந்தது நண்டின் கால்.
முள் கையுறையைத் தாண்டிக் குத்தியது.
ஓட்டை உடை, சதையை உருவு, தட்டில் வை,
ஓட்டை உடை.
நாற்பதாவது காலில் கோபம் வந்தது.
இடைவேளையில், விரல் உப்பில் எரிய,
பக்கத்தின் ஓரம் பென்சிலால் எழுதினாள்:
நீர் வெங்காயம் நறுக்குகிறீர், சுவாமி.
வெங்காயத்துக்கு முள் இல்லை.

புதன்: உனக்கு எரிச்சல் மூட்டுகிறவரின்
பெயரைச் சொல்லி, அவருக்கு ரொட்டி கேள்.
பெயரைத் தேட வேண்டியிருக்கவில்லை.
எடைமேசையில் நிற்கிற நெல்டா ஓயார்சோ
மூன்று பருவமாக
தட்டுக்கு ஐம்பது கிராம் குறைத்தே எழுதுகிறாள்.
எதுவினா கண்ணை மூடினாள்.
நெல்டாவுக்கு ரொட்டி கொடும், ஆண்டவரே.
ஐம்பது கிராம் குறைவாக.
சொல்லிவிட்டு வாய்விட்டுச் சிரித்தாள்.
இயந்திரச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை.
கேட்க வேண்டியவருக்குக் கேட்டிருக்கும்.

பிறகு ஒன்பது நாள் புத்தகத்தைத் திறக்கவில்லை.
நீரிணையில் படகு நின்றுபோனது,
அக்கரையிலிருந்து மகன் வரவில்லை,
அவன் அனுப்புவதாகச் சொன்ன பணமும்.
அடுப்பு எரிவாயு தீர்ந்த இரவில்
பழைய ரசீதின் பின்புறம் கடிதம் எழுதினாள்:
உமது புத்தகத்தின்படி
என்னால் ஒரு வாரம்கூட வாழ முடியவில்லை.
பணத்தைத் திருப்பித் தாரும்.
வெங்காயத்தையும் முள்ளையும் விடாமல் சேர்த்தாள்.

பதில் வந்தது. தாளில் எண்ணெய்க் கறை.
அம்மா,
முடிந்திருந்தால் நான் எழுதியிருக்கவே மாட்டேன்.
காலைச் செபத்தில் தூங்கிவிடுகிறேன்,
பால் பொங்கி வழிகிறது,
உதவிக்கு வரும் பையனைத் திட்டுகிறேன்,
இரவில் அதையே அறிவுரையாகத் திருப்பிப்போடுகிறேன்.
முள்ளைப் பற்றி நீங்கள் சொன்னது சரி.
எனக்கு அது தெரியாது.
குத்தும்போது என்ன செய்கிறீர்கள்
என்று எழுதுங்கள்.
பணம் என் கையில் இல்லை.
இரண்டு பேருந்துச் சீட்டு வைத்திருக்கிறேன்.

அவர் ஊர்ச் சீட்டுகள். இங்கே செல்லாதவை.
பக்க அடையாளமாக வைத்துக்கொண்டாள்.

பருவத்தின் கடைசி நாள்,
திருவருகைக் காலத்துக்கு முந்தைய சனி.
சம்பளக் கவர் மெலிந்தே இருந்தது.
தெருமுனையில் காற்று
குப்பைத் தொட்டிகளை உருட்டிக்கொண்டிருந்தது.
கயிற்றின் நடுவில் எதிரே வந்தாள் நெல்டா,
எதையோ மறந்துவிட்டுத் திரும்புகிறவள்,
முக்காடு முகத்தில் ஒட்டிக் கண் தெரியாமல்.
ஒற்றைக் கயிறு.
ஒருத்தி கையை விட்டால்தான்
மற்றவள் கடக்கலாம்.

எதுவினா எதையும் நினைக்கவில்லை,
புதன்கிழமையை நிச்சயமாக நினைக்கவில்லை.
கயிற்றை விட்டு
நெல்டாவின் கோட்டைப் பிடித்தாள்.
இருவரும் ஒரு நொடி
ஒரே எடையாக நின்றார்கள்.

'ஐம்பது கிராம்' என்றாள் எதுவினா, காதருகே.
'என்ன?' என்று கத்தினாள் நெல்டா.
காற்று.
'ஒன்றுமில்லை, காலைப் பார்த்து வை.'

வீட்டில் கெட்டில் கொதிக்கும்வரை
அன்றைய பக்கத்தைத் திறந்தாள்.
அது உப்பைப் பற்றியது,
சூப்பில் எப்போது போடுவது என்று.
பென்சிலைத் தேடினாள்.