அப்ரிகாட்டுக்கு முடி இருக்கிறது

ஐந்து பொருட்கள்தான் சாப்பிடுவான் யதுசன்.
ஆறிய வெள்ளைச் சோறு.
எதுவும் படாத சுருள் பாஸ்தா.
பால். ஓரம் வெட்டிய பாண்.
நீலப் பெட்டியில் வரும் ஒரு பிஸ்கட்.

சித்திரையில் அந்தக் கம்பனிக்காரர்
பெட்டியின் நீலத்தைக் கொஞ்சம் வெளுக்க வைத்தார்கள்.
உள்ளே அதேதான் என்று சத்தியம் பண்ணினேன்.
அன்றிலிருந்து நான்கு பொருட்கள்.

நான் மருத்துவமனைச் சமையலறையில்
நாளுக்கு முந்நூறு தட்டு நிரப்புகிறவன்.
பல்லில்லாதவருக்கு மசியல்,
உப்பு ஆகாதவருக்கு உப்பில்லாமல்,
எல்லாம் மஞ்சள் அட்டையில் எழுதியிருக்கும்.
வீட்டில் ஒரு தட்டுத்தான்.
அதற்கு அட்டை இல்லை.

"பசித்தால் தின்பான், விட்டுப் பார்" என்றார்கள்
ஒரு கலியாண வீட்டில்.
விட்டுப் பார்த்தோம்.
இரண்டாம் நாள் மாலை உதடு வெடித்து
சுவரைப் பார்த்தபடி இருந்தான்.
அதைப் பற்றி நானும் மனைவியும் பேசுவதில்லை.

திராட்சை உன்னை என்ன செய்தது என்று
ஒருமுறை கேட்டேன்.
"ஒன்று இனிக்கும் அப்பா. அடுத்தது புளிக்கும்.
ஒன்று நொளுநொளு என்று இருக்கும்.
வாய்க்குள்ளே போன பிறகுதான் தெரியும்.
பாஸ்தா ஒருக்காலும் பொய் சொல்லாது."

ஆடி வெயில். பெர்ன் நகரமே
உடுப்பைப் பையில் கட்டிக்கொண்டு
ஆரே ஆற்றில் மிதந்து போகிறது.
பதினொரு வயதுக்காரன்
பச்சைத் தண்ணீருக்குள் தலைகீழாய்ப் பாய்ந்து
சிவப்புக் கம்பியைப் பிடித்து ஏறி வருகிறான்.
நான் படியில், துவாயோடு,
இருபத்தொரு வருசமாக.

கணுக்காலைத் தாண்டினால் தொண்டை அடைக்கும்.
ஏன் என்று கேட்டால் என்னிடம் கதை இல்லை.

"வெறும் தண்ணிதானே அப்பா."

வெறும் கரட்.
வெறும் ஒரு வாய்.
அந்த "வெறும்" என்னுடையது;
பத்து வருசமாக அவன் தட்டில்
நான் வைத்துக்கொண்டிருப்பது.

பக்கத்துத் துவாயில் இருந்தவள்
ஒரு அப்ரிகாட் நீட்டினாள்.
வாங்கினான்.
மூக்கு வரை கொண்டு போனான்.
உதட்டில் வைத்து எடுத்தான்,
கொள்ளிக்கட்டை சுட்டவன் போல.
"இதுக்கு முடி இருக்கு" என்று
என் கையில் திணித்தான்.

கடி என்று நான் சொல்லவில்லை.
வாய் வரை வந்தது.
விழுங்கிவிட்டு
அடுத்த படிக்கு இறங்கினேன்.
ஆறு முழங்காலைக் கவ்வியது.

"என்ன மாதிரி இருக்கு?"
"பல்லு மாதிரி."
யோசித்தான்.
"அப்ப வாங்கோ, ஏறுங்கோ."

வீட்டுக்கு வரும் டிராமில்
என் காற்சட்டைப் பையில் அப்ரிகாட் நசிந்து ஒழுகியது.
எதிர் இருக்கையில் அவன்
தன் விரல்களை முகர்ந்தான்.
கொஞ்சம் கழித்து இன்னொரு முறை.

நான் ஜன்னலுக்கு வெளியே
பார்த்துக்கொண்டே இருந்தேன்.